வரைபடமும் பதிவேடும் இணைய வேண்டும்

சம்பாப் பருவத்தில் டெல்டா வானம் பெரும்பாலும் மேகமூட்டமாகவே இருக்கும். சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியாது. 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசை ரேடார் அலைகளால் மேகத்தை ஊடுருவி, நடவான நிலத்தையும் நீர் தேங்கிய நிலத்தையும் காட்டுகிறது.

ஆனால் படம் மட்டும் போதாது. வயல் யாருடையது என்பதைப் பதிவேடுதான் சொல்லும். புல வரைபடம், பட்டா, அடங்கல், காப்பீட்டுப் பதிவு ஆகியவற்றைக் கணினியில் ஒன்றாகக் கோக்க உதவுவதே புவியியல் தகவல் முறை. கோக்கும் நூல் கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவையே. ஓரிடத்தில் 45/2 என்றும் மற்றோரிடத்தில் 45/2ஏ என்றும் இருந்தால், கணினி அவற்றை வெவ்வேறு நிலமாகவே கொள்ளும்.

ஆகவே, விவசாயிகள் பிரீமியம் கட்டுமுன் பட்டா, அடங்கல், விண்ணப்பம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அடங்கலில் பிழை இருப்பின் கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே கூறித் திருத்திக்கொள்ளவும். வெள்ளம் வந்தபின் அலைவதைவிட இது எளிது.