கண்மாய்க்குள் ஒரு சிவப்பு

1991-ல் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு மூலை, ஒரே ஒரு அச்சுப்படமாக எங்கள் தொலையுணர்வு வகுப்புக்கு வந்து சேர்ந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு முகமைக்கு எழுதிப் போட்டு, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய படம். மேஜையில் விரித்தபோது 12 பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். விரல் ரேகை பட்டால் ஆசிரியர் விடமாட்டார்.

1988 மார்ச்சில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் எடுத்தது அது. அதன் ஒரு பிக்சல் தரையில் 36.25 மீட்டர் சதுரம். நம்மூர்க் கணக்கில் சுமார் 32 சென்ட். சிறு விவசாயி ஒருவரின் வயல் முழுவதும் அதில் ஒரே புள்ளிதான். 1:50,000 அளவில் அச்சிட்டால் அந்தப் புள்ளி கடுகைவிடச் சிறியது.

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. அதன்மேல் படம், படத்தின்மேல் டிரேசிங் பிலிம். ராட்ரிங் பேனாவால் ஏரிக்கரை, வயல், தரிசு என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கிக் கோடு பிசகினால், மை காயும்வரை பொறுத்திருந்து பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் பிலிம் சொரசொரத்துப் போகும். பிறகு அந்த இடத்தில் மை பரவும். பரப்பளவுக்குப் புள்ளி போட்ட கண்ணாடித் தாளை மேலே வைத்து எண்ணுவோம். அந்தக் கோடுகளைக் கணினிக்குள் ஏற்றத் துறையில் இருந்தது ஒரே ஒரு டிஜிட்டைசர். என் முறை இரவு 11 மணிக்கு வரும்.

டோப்போ ஷீட் எனும் நிலவரைபடத்தின் கதை தனி. ராமநாதபுரம் கடலோர மாவட்டம். கடலோரத் தாள்கள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. அனுமதிக் கடிதம் வாங்கி, பீரோவிலிருந்து எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பிறந்த ஊரின் வரைபடத்தை நானே அனுமதி கேட்டுப் பார்த்தேன். இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவுகளைத் திரட்டலாம், பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில்தான்.

அந்தப் படத்தில் ஒரு கண்மாயின் உள்ளே அடர் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்பும். போலி வண்ணப் படத்தில் அந்த ஒளிக்குச் சிவப்பு கொடுப்பார்கள். 1970-ல் விஞ்ஞானி பி.ஆர். பிஷரோட்டி கேரளத் தென்னைகளின் வாடல் நோயைத் தேடி வானிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுக்க வைத்ததும் இலையின் இந்தக் குணத்தை நம்பித்தான். நம் நாட்டுத் தொலையுணர்வின் தொடக்கமே ஒரு மரத்தின் நோயை அறியும் ஆசை என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது.

சிவப்பு என்றால் பயிர். கண்மாய் ஈரத்தில் யாரோ விதைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, 'பயிர்' என்று எழுதினேன். களப்பணிக்குப் போனோம். பரமக்குடியில் பஸ் இறங்கி, வேறு பஸ் மாறி, வெயிலில் நடந்து கரையேறினால் உள்ளே முழுக்க முள். கரிமூட்டத்தின் பக்கத்தில் நின்றிருந்த பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். "இது வெள்ளாமை இல்ல தம்பி, சீமைக்கருவ. கோடையிலயும் காயாது" என்றார். படத்தின் தேதி மே மாதம். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது நான் பாடம் நடத்துகிறேன். என் மாணவி ஒருத்திக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். விடுதி அறையில், மடிக்கணினியில், காசு கொடுக்காமல் அதே வட்டாரத்தைத் திறக்கிறாள். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இருக்கின்றன. பிக்சல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். 5 நாளுக்கு ஒரு படம். அதற்கு முந்தைய காலத்துக்கு, 2008-ல் இலவசமாகிவிட்ட லேண்ட்சாட் தொகுப்பு. கூகுள் எர்த் எஞ்சினில் சில வரி நிரல் எழுதினால் முப்பது வருடமும் வரிசையில் வந்து நிற்கின்றன.

அவளுடைய கணினியும் முதலில் கருவையைப் பயிர் என்றுதான் சொன்னது. நான் செய்த அதே தவறு. ஆனால் அவள் அதைப் பிடித்த விதம் வேறு. பசுமையின் அளவை மாதம் மாதமாக வரைந்தாள். நெல் ஐப்பசியில் ஏறி, அறுவடையோடு தடாலென்று விழுகிறது. கருவையோ ஆண்டு முழுக்கப் பெரிதாக இறங்குவதே இல்லை. நான் பஸ் பிடித்துப் போய்த் தெரிந்துகொண்டதை அவளுக்குத் தேதிகள் சொல்லிவிட்டன. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொத்தானை அமுக்குகிறார்களே தவிரப் படிப்பதில்லை என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எங்களிடம் ஒரே ஒரு நாள் இருந்தது; 'இது என்ன' என்று மட்டுமே கேட்க முடிந்தது. இவர்கள் 'எப்போதிலிருந்து' என்று கேட்கிறார்கள். கண்மாயைக் கருவை பிடித்த கதைக்கு அந்தக் கேள்விதான் உயிர்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. கண்மாயின் நடுவில் ஒரு துண்டில் மட்டும், ஒரு வருடம் பசுமைக் கோடு திடீரென்று சரிந்து, மறுபடி மெல்ல ஏறியது. கணினி அதை மீண்டும் பயிர்ப் பக்கம் தள்ளியது. ஆனால் சரிந்தது அறுவடை மாதத்தில் இல்லை. ஏறுவதற்கும் மூன்று வருடம் ஆகியிருந்தது. மேகமா, வறட்சியா? பக்கத்துக் கண்மாய்களில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு நாள் யோசித்தோம்.

மூன்றாம் நாள் ஆய்வகத்திலிருந்தே ஊருக்குப் போன் போட்டாள். "அம்மா, நம்ம கண்மாயில அந்த வருசம் என்னம்மா நடந்துச்சு?"

ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "கருவைய ஏலம் விட்டாங்கல்ல? கரிக்கு வெட்டுனாங்க. வேரோட புடுங்காம விட்டுட்டாங்க, மறுபடி முளைச்சிருச்சு. அது எதுக்குடி இப்ப?"

அவள் பதில் சொல்லிக்கொண்டே அட்டவணையில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, தலைப்பில் 'ஏலம்' என்று தட்டச்சு செய்தாள். பிறகு, "அம்மா, மத்த கண்மாயெல்லாம் யாருகிட்ட கேக்கலாம்?" என்றாள்.