தோழர் என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

தோழர்களே!

இந்த அழைப்பு காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆலைத் தொழிலாளியையும் ஆசிரியரையும் ஒரே வரிசையில் நிறுத்திடும் சொல் இது. சாதி கேட்காது, சம்பளம் கேட்காது. இதே பொருள் கொண்ட சொல்லுக்குச் சீன நாட்டிலே ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

'தோங்ஜி' என்பது அந்தச் சொல். 'தோங்' என்றால் ஒன்றான. 'ஜி' என்றால் நோக்கம். ஒரே நோக்கம் கொண்டோர் என்பது பொருள். சன் யாட் சென் 1925இல் கண்மூடியபோது, முடியாத புரட்சியை முடித்திடும் பொறுப்பைத் தமது உயிலிலே ஒப்படைத்தது தோங்ஜிகளிடம்தான். பிறகு கோமின்டாங்கும் பொதுவுடைமைக் கட்சியும் எதிரெதிரே துப்பாக்கி தூக்கின. ஆயினும், இரு பாசறையிலும் ஒலித்தது அந்த ஒரே சொல்!

1949இல் பொதுவுடைமையர் ஆட்சி வந்தது. எஜமான் என்பதும் சீமாட்டி என்பதும் ஒழிந்து, எங்கும் தோங்ஜி! ஆனால், வர்க்கப் பகைவன் என்று முத்திரை குத்தப்பட்டவனை மட்டும் அப்படி அழைத்திட மாட்டார்கள். அந்தச் சொல்லை இழந்தவன், மனிதர் வரிசையிலிருந்தே வெளியே தள்ளப்பட்டவன். 1978க்குப் பின் சந்தைக் கதவு திறந்தது. கடைவீதியிலே பழைய 'ஐயா'வும் 'அம்மணி'யும் திரும்பி வந்தனர். தோங்ஜி மெல்லத் தேய்ந்தது.

தேய்ந்த அந்தச் சொல்லைக் கையில் எடுத்தவர் யார் தெரியுமா? ஆணை நேசித்திடும் ஆண்கள்!

வியப்பாக இருக்கிறதா? அவர்கள் அதுவரை சுமந்த பெயர்களைக் கேளுங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹான் மரபின் ஐ என்னும் பேரரசன், தன் சட்டைக் கையின்மீது உறங்கிய காதலன் தோங் சியானை எழுப்பிட மனமின்றி, அந்தக் கையையே அறுத்துவிட்டு எழுந்தானாம். அதனால் 'அறுந்த சட்டைக்கை' என்று ஒரு பெயர். அது அரண்மனை தந்த பெயர். இருபதாம் நூற்றாண்டிலே ஜப்பான் வழியாக, 'ஒரே பாலாரின் காதல்' என்று ஒரு மருத்துவச் சொல் வந்தது. அதை நோய்ப் பட்டியலிலே எழுதி வைத்தார்கள். ஹாங்காங் தெருவோ, ஆங்கிலத்துக் 'கே' என்னும் சொல்லோடு 'பயல்' என்ற ஒட்டைச் சேர்த்து ஏசியது. சீனப் பெருநாட்டின் காவல் நிலையமோ, 'காலிகள்' என்ற குற்றப் பிரிவிலே அவர்களைப் பிடித்துப் போட்டது.

அரண்மனை தந்த பெயர், மருத்துவமனை தந்த பெயர், தெரு தந்த பெயர், காவல் நிலையம் தந்த பெயர்! அவர்கள் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொண்ட பெயர் எங்கே?

1989இல் அது கிடைத்தது. ஹாங்காங் நாடகக் கலைஞர் எட்வர்ட் லாம், தன்பால் காதலர் பற்றிய திரைப்பட விழா ஒன்றை நடத்தி, அதற்கு 'தோங்ஜி' என்று பெயர் சூட்டினார். அன்று அங்கே ஆண்களுக்கிடையிலான உறவுக்கு ஆயுள் தண்டனை வரை இருந்தது. வெள்ளையர் கொண்டு வந்த சட்டம் அது, 1991இல்தான் தளர்ந்தது. 1992 வாக்கில் சொல் தைவானுக்குத் தாவியது. பிறகு சீனப் பெருநாட்டிலும் பரவியது.

ஏன் பரவியது? அது படுக்கையறையைப் பேசவில்லை, நோயைப் பேசவில்லை. கடன் வாங்கிய சொல்லும் அன்று. பெண்களும் ஏற்றிடலாம். மகன் தன் தாயிடம் தலைகுனியாமல் சொல்லிடலாம்.

எல்லாரும் ஏற்றனரா? இல்லை. 'எனக்கு ஏன் அரசியல் சொல்?' என்று ஒதுங்கிய ஆண்களும் உண்டு. ஹாங்காங்கில் பரபரப்பு ஏடு, குற்றச் செய்திகளிலே அதே சொல்லைப் போட்டுக் கேலியும் செய்தது. ஆயினும் சொல் சாகவில்லை.

அடுத்து வந்தது அகராதி! 2012இல் வெளியான தற்காலச் சீனமொழி அகராதியின் ஆறாம் பதிப்பு, தெருவெல்லாம் அறிந்த இந்தப் புதுப் பொருளைச் சேர்த்திட மறுத்தது. அந்தப் பொருளை ஊக்குவித்திட விரும்பவில்லை என்று அகராதியார் தரப்பில் விளக்கமும் வந்தது. 2016இல் கட்சி விதித்தது: உறுப்பினர் ஒருவரையொருவர் தோங்ஜி என்றே அழைத்திட வேண்டும்! பல்லாண்டு புழங்கிய சொல்லைக் கட்டளையிட்டு மீட்டிட வேண்டிய நிலை வந்தது, பார்த்தீர்களா?

1997இல் 'காலித்தன'க் குற்றம் சட்டத்திலிருந்து நீங்கியது. 2001இல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் பெரும்பாலும் விடுதலை. தைவானில் 2019 முதல் திருமணமே சட்டபூர்வம். ஆனால், பெருநாட்டில் 2021இல், பல்கலைக்கழக மாணவர்கள் இதற்காக நடத்திய வீசாட் கணக்குகள் பலவற்றை ஒரே இரவில் மூடினார்கள். கணக்கு மூடப்பட்டால் கூடிப் பேசிட இடமில்லை. தனித்து நிற்பவன், தன்னைப்போல் வேறு எவனும் இல்லையென்றே நம்பத் தொடங்குவான். தோழர் என்ற சொல்லின் அருமை அவனுக்குத்தான் தெரியும்.

தோழர்களே! ஒருவனுக்குப் பெயர் வைத்திடும் உரிமை யாருக்கு? அரண்மனைக்கா, மருத்துவருக்கா, அகராதிக்கா? ஏசுவதற்கென்று பிறர் வைத்த பெயரைச் சுமந்து பழகியவர்கள் நாம். அந்தச் சீன இளைஞன் கேட்பதும் அதே உரிமையைத்தான். ஒரே நோக்கம் கொண்டோர் என்று அவன் தன்னை அழைத்துக்கொண்டான்.

மறுத்திட நாம் யார்?