குறட்டை விடும் துணைவருக்கு அருகில் நன்கு உறங்குவது எப்படி?

குறட்டையை நகைப்புக்குரியதாகக் கருதுவது நம் வழக்கம். ஆயினும், இரவுதோறும் அதன் அருகில் படுத்திருப்பவருக்கு அது நகைப்பு அன்று. பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர் இரவில் பலமுறை விழித்தால், அந்த உறக்கம் கிடைப்பதில்லை. பகற்சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு ஆகியன தொடர்கின்றன. உங்கள் உறக்கத்தையும் துணைவரின் உடல்நலத்தையும் ஒருங்கே காப்பதற்கான வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

குறட்டை ஏன் உண்டாகிறது?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வதால் மூச்சுப்பாதை குறுகுகிறது. அப்பாதையில் காற்று செல்லும்போது மென் அண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஒலியே குறட்டை. உடற்பருமன், மல்லாந்து படுத்தல், மது, புகைபிடித்தல், மூக்கடைப்பு, வீங்கிய டான்சில், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை அதனை மிகுவிக்கும். குறட்டை விடுபவர் அதை வேண்டுமென்றே செய்வதில்லை. எனவே, கடிந்துகொள்வதால் பயன் இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது

குறட்டை திடீரென நின்று, அமைதி நிலவி, பின்னர் திணறலுடன் மூச்சு மீள்கிறதா? "அப்பாடா, நின்றுவிட்டது" என்று நீங்கள் கண்மூடும் அந்த நேரத்தில், உங்கள் துணைவரின் மூச்சு தடைப்பட்டிருக்கலாம். இவ்வாறு 10 நொடிகளோ அதற்கு மேலோ மூச்சு நிற்பது மீண்டும் மீண்டும் நிகழ்வதே உறக்க மூச்சுத்தடை நோய். இந்நோய் உள்ளவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. அதைக் காணும் சாட்சி நீங்களே.

பின்வருவனவற்றையும் கவனியுங்கள்:

• போதிய நேரம் உறங்கியும் பகலில் கண்ணயர்தல்
• காலையில் தலைவலி, வாய் வறட்சி
• கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம்
• இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல்

இந்நோயைக் கவனியாது விட்டால் உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். ஜி.எஸ்.டி. சாலையில் வாகனம் ஓட்டுபவர் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் விளைவு பெரிது. பகலில் உறக்கம் மேலிடுபவர், மருத்துவரைக் காணும்வரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

துணைவர் செய்யக்கூடியவை

• ஒருக்களித்துப் படுத்தல். முதுகுப்புறம் ஒரு தலையணையை அணைவாக வைத்தால், மல்லாந்து புரளுவது குறையும்.
• உறங்குவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் மது அருந்தாதிருத்தல், புகைப்பழக்கத்தைக் கைவிடுதல்.
• உடல் எடை மிகுந்திருந்தால் படிப்படியாகக் குறைத்தல். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் மூச்சுத்தடை தணியும்.
• மூக்கடைப்புக்குச் சிகிச்சை பெறுதல். மழைக்காலத்தில் சன்னல்களை மூடிவிட்டுக் கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் புகை மூக்கை உறுத்தும், கொசுவலையே ஏற்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

• மருந்துக் கடைகளில் கிடைக்கும் மென்மையான காதடைப்பான்களைப் பயன்படுத்தலாம். அவற்றைத் தூய்மையாக வைத்திருங்கள். காதில் வலியோ சீழோ இருந்தால் பயன்படுத்தக் கூடாது.
• துணைவருக்கு அரை மணி நேரம் முன்னதாகவே உறங்கச் செல்லுங்கள்.
• மின்விசிறியின் சீரான ஒலி குறட்டை ஒலியை ஓரளவு மறைக்கும்.
• ஒரே அறை உள்ள வீட்டில், பாய்களைச் சற்றுத் தள்ளி விரிப்பதும் உதவும். வேறு அறை இருந்தால், சில இரவுகள் தனியே உறங்குவது மனக்கசப்பின் அடையாளம் அன்று. இதை இருவரும் பகற்பொழுதில் அமைதியாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

மருத்துவரின் அறிவுரையின்றி இருவரில் எவரும் தூக்க மாத்திரை உட்கொள்ளக் கூடாது. குறட்டையை நிறுத்துவதற்காக வாயில் ஒட்டுநாடா ஒட்டுவதும் கூடாது.

எங்கே அணுகுவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக நோய் மருத்துவரிடமோ அனுப்பி வைப்பார்கள். 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென நிறுவிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

செல்லும்போது துணைவருடன் நீங்களும் செல்லுங்கள். குறட்டையையும் மூச்சு நிற்பதையும் அவருடைய ஒப்புதலுடன் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொண்டால் மருத்துவருக்கு உதவும். ஐயம் இருப்பின், உறக்கத்தின்போது மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் உறக்க ஆய்வை மருத்துவர் பரிந்துரைப்பார். நோய் உறுதியானால், முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி பலருக்குப் பயனளிக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய இம்முறையில் குறட்டையும் அடங்குவதால், அருகில் இருப்பவரும் உறங்க இயலும்.

கர்ப்பிணிகளுக்குப் புதிதாகக் குறட்டை தொடங்கினாலும், குழந்தைகள் நாள்தோறும் குறட்டை விட்டாலும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

"உங்கள் குறட்டையால் எனக்கு உறக்கமில்லை" என்பதைவிட, "இரவில் உங்கள் மூச்சு நின்று போவதைக் கண்டேன், மருத்துவரைப் பார்ப்போம்" என்று கூறுங்கள். பழியாக ஒலிக்காத சொல்லே துணைவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.