படகு இருக்கையின் அழுகிய பலகையைப் புதுப்பித்தல்

மோட்டார் படகின் மெத்தை இருக்கை வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும், உள்ளே அதைத் தாங்கும் மரப்பலகை அழுகிப்போயிருக்கலாம். அமெரிக்கா, கனடா நாடுகளின் ஏரிகளில் ஓட்டப்படும் பழைய கண்ணாடியிழைப் படகுகளில் இது அடிக்கடி காணப்படும் பழுது. உறை கிழியாமல் இருந்தால் புதிய இருக்கை வாங்கத் தேவையில்லை. அழுகிய பலகையை மட்டும் மாற்றி, பழைய உறையையே மீண்டும் பொருத்தலாம். ஆனால் நீர் உள்ளே வந்த காரணத்தைச் சரிசெய்யாமல் பலகையை மட்டும் மாற்றினால், புதிய பலகையும் அழுகிவிடும்.

இருக்கையின் அமைப்பு

இவ்வகை இருக்கை பொதுவாக மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் ஒட்டுப்பலகை (பிளைவுட்), அதன்மேல் நுரைப்பஞ்சு, மேலே வினைல் உறை. வினைல் என்பது துணியின்மேல் பிவிசி பூசிச் செய்யப்படுவது; நம் ஊரில் ரெக்சின் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. உறையின் ஓரங்கள் பலகையின் பின்புறம் மடிக்கப்பட்டு ஸ்டேப்பிள் பின்களால் அடிக்கப்பட்டிருக்கும். சாய்மானத்தைப் படகோடு இணைக்கும் போல்ட்டுகளும் கீல்களும் இந்தப் பலகையையே பிடித்திருக்கும்.

ஆகவே பலகை அழுகுவது தோற்றம் பற்றிய சிக்கல் மட்டும் அன்று. படகு வேகமாகத் திரும்பும்போது சாய்மானம் பிய்த்துக்கொண்டால், அதில் சாய்ந்திருப்பவர் நீரில் விழக்கூடும்.

அழுகுவது ஏன்?

வினைல் நீரை விடாது. ஆனால் தையல் துளைகள் வழியாக மழைநீரும் அலைநீரும் உள்ளே இறங்கும். நுரைப்பஞ்சு அதை உறிஞ்சித் தேக்கிவைக்கும். உள்ளே போன நீரை வினைல் ஆவியாகவும் விடாது. மரத்தை அழுகச்செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இந்தப் பூஞ்சை வளராது. காற்றோட்டமில்லாத தார்ப்பாயின் கீழ் மாதக்கணக்கில் மூடி நிறுத்தப்பட்ட படகில், ஈரம் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை.

சோதித்தல்

• பலகையைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் பலகை அழுகிவிட்டது.
• தையலின் இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். நூல் அறுந்தால் உறையை மீண்டும் தைக்க வேண்டும்.
• வினைலை மடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு விட்டால் அது மீண்டும் இழுத்துக் கட்டப்படுவதைத் தாங்காது. புதிய உறை தேவை.

உறையைக் கழற்றுதல்

கழற்றும் முன் பின்புறத்தின் மடிப்புகளையும் மூலைகளையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பின்களைத் தட்டையான திருப்புளியால் நெம்பி, குறடால் பிடுங்க வேண்டும். உறையைப் பிடித்து இழுத்துப் பிய்த்தால் ஓரம் கிழிந்துவிடும். துருப்பிடித்த பின்கள் உடைந்து தெறிக்கும் என்பதால் கண்ணாடியும், பூஞ்சைத் தூள் பறக்கும் என்பதால் முகக்கவசமும் அணிய வேண்டும்.

பழைய பலகை உதிர்ந்த நிலையில் இருந்தாலும் அதை எறிந்துவிடக் கூடாது. துண்டுகளை அட்டையின்மேல் சேர்த்துவைத்து, சுற்றளவையும் துளைகளின் இடங்களையும் வரைந்துகொள்ள வேண்டும். புதிய பலகைக்கு அதுவே அளவு.

புதிய பலகை

மரைன் பிளைவுட் இதற்கு ஏற்றது. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 710, பிரித்தானியத் தரநிலை பி.எஸ். 1088. இதன் பசை நீரில் விட்டுப்போகாது. உள்ளடுக்குகளில் இடைவெளிகளும் குறைவு. ஆனால் பசை நீரைத் தாங்குவதாலேயே மரம் அழுகாது என்று எண்ணிவிடக் கூடாது; பூச்சு அவசியம்.

பலகையின் தடிமன் பழையதைப் போலவே இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கூடினாலும் உறையின் ஓரம் பின்புறத்தை எட்டாமல் போகலாம். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். கூரான விளிம்பு வினைலை உள்ளிருந்து அறுக்கும்.

நீர்க்காப்புப் பூச்சு

எல்லாத் துளைகளையும் போட்ட பிறகே எபாக்சி பூச வேண்டும். இரு பக்கங்களிலும், குறிப்பாக விளிம்புகளிலும் துளைகளின் உட்சுவரிலும் இரண்டு மூன்று முறை பூசுவது வழக்கம். நீரை மிகுதியாக உறிஞ்சுவது வெட்டுமுகமே. எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கையுறை தேவை. பூச்சு முழுவதும் இறுகிய பின்னரே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

நுரைப்பஞ்சு

ஈரமான பஞ்சைப் பிழிந்து, காற்றில் முழுமையாக உலர்த்த வேண்டும். பூஞ்சை வாடை போகாவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது. நனைந்த பஞ்சைப் புதிய பலகையின்மேல் வைத்தால் செய்த வேலை வீணாகும்.

உறையை மீண்டும் பொருத்துதல்

வினைல் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். எனவே உறையைச் சற்று நேரம் வெயிலில் வைத்தோ, ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கியோ பொருத்துவது எளிது. பழைய மடிப்புக்கோடுகளே சரியான இடத்தைக் காட்டும்.

முதலில் ஒரு பக்கத்தின் நடுவில் சில பின்களும், பிறகு எதிர்ப்பக்கத்தின் நடுவில் சில பின்களும் அடிக்க வேண்டும். மற்ற இரு பக்கங்களுக்கும் அவ்வாறே. பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி நகர வேண்டும். மூலைகள் கடைசியில்தான். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் உறை கோணலாகிச் சுருக்கம் விழும்.

பின்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். 12 மி.மீ. பலகைக்கு 8 முதல் 10 மி.மீ. நீளமுள்ள பின்கள் போதும். அதைவிட நீளமானவை மறுபக்கம் துளைத்துவிடும்.

நீர் வெளியேற வழி

ஒவ்வொரு பின்னும் எபாக்சிப் பூச்சைத் துளைக்கிறது. தையல் துளைகளும் அப்படியே இருக்கின்றன. ஆகவே எந்த இருக்கையையும் முற்றிலும் நீர்புகாததாக ஆக்க முடியாது. பலகையின் தாழ்வான இடங்களில் சில வடிகால் துளைகள் விடுவதும் பின்புறத்தை வினைலால் முழுவதும் மூடாமல் இருப்பதும் உள்ளே வந்த நீர் வெளியேற உதவும். இந்தத் துளைகளையும் பூச்சுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பயணம் முடிந்ததும் இருக்கைகளைச் சாய்த்து நிறுத்தி உலரவிடுவதும், தார்ப்பாயின் கீழ் காற்று நுழைய இடைவெளி விடுவதும் பலகையின் ஆயுளை நீட்டிக்கும். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை.