முதலில் நாய், பிறகு மனிதன்: கருங்காய்ச்சலை முன்கூட்டியே காட்டும் வரைபடம்

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் உள்ளது அராசாதூபா நகரம். அங்கு 1997-ஆம் ஆண்டு ஒரு வகை மணல் ஈ கண்டுபிடிக்கப்பட்டது. 1998-இல் அந்நகரின் நாய்களிடம் ஒரு நோய் தென்பட்டது. 1999-இல் அதே நோய் மனிதர்களிடமும் வந்துவிட்டது.

முதலில் ஈ, அடுத்து நாய், கடைசியில் மனிதன். இந்த வரிசை தெரிந்ததால்தான் பிரேசில் சுகாதாரத் துறையினர் நாய்களைக் கணக்கெடுத்து, நோயுள்ள நாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் குறிக்கின்றனர்.

அந்த நோயின் பெயர் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ். இந்தியாவில் இதைக் காலா அசார், அதாவது கருங்காய்ச்சல் என்பார்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தச்சோகை, மண்ணீரல் வீங்கி வயிறு உப்புதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சை பெறாவிட்டால் நோய் கண்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

எப்படிப் பரவுகிறது?

நாய் கடித்து இந்த நோய் மனிதருக்கு வருவதில்லை. நாயின் உடலில் உள்ள ஒட்டுண்ணியை மணல் ஈ இரத்தத்தோடு உறிஞ்சுகிறது. சில நாள் கழித்து அது மனிதரைக் கடிக்கும்போது ஒட்டுண்ணி உடலுக்குள் செல்கிறது. 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த ஈ, கொசுவைப் போலத் தேங்கிய நீரில் முட்டையிடாது. இலைச்சருகும் கோழி எச்சமும் மக்கிக் கிடக்கும் ஈரமான கொல்லைப்புறமே அதற்குப் போதும். பொழுது சாய்ந்த பிறகுதான் கடிக்க வரும்.

இந்தியாவின் பீகாரில் காணப்படும் கருங்காய்ச்சல் இதிலிருந்து வேறுபட்டது. அங்கு மணல் ஈ வழியாக மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது. பிரேசிலிலும் மத்தியத்தரைக்கடல் நாடுகளிலும் உள்ள வகைக்குத்தான் நாய் முக்கிய இருப்பிடம்.

நோயுற்ற நாய் மெலியும். கண்ணைச் சுற்றி முடி உதிரும். நகம் அளவுக்கு மீறி வளரும். ஆனால் பல நாய்கள் எந்த அறிகுறியும் இல்லாமல், வாலாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கும். ஆகவே பார்வையை நம்ப முடியாது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று நாயின் இரத்தத்தை எடுத்து உடனடிச் சோதனை செய்கின்றனர். அதில் நோய் இருப்பதாகத் தெரிந்தால் ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் உறுதி செய்கின்றனர்.

வரைபடம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் டிங்கி அதிகமுள்ள பகுதிகளைக் குறிப்பது போல, நோயுள்ள நாய்களின் இருப்பிடங்கள் புள்ளிகளாகக் குறிக்கப்படுகின்றன. மணல் ஈ பிடிபட்ட இடங்களும் நோயாளிகளின் வீடுகளும் அதனுடன் சேர்க்கப்படுகின்றன. புள்ளிகள் நெருங்கியிருக்கும் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்பலாம். அப்பகுதி மருத்துவர்களையும் உஷார்படுத்தலாம். சாவோ பாவ்லோ மாநிலத்தில் இந்த நோய் மார்ஷல் ரோண்டோன் நெடுஞ்சாலையை ஒட்டியே ஊர் ஊராகப் பரவியதும் இப்படித்தான் தெரியவந்தது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. புள்ளி இல்லாத இடமெல்லாம் நோயில்லாத இடம் என்று பொருளல்ல. அங்கு யாரும் போய்ச் சோதிக்காமல் இருந்திருக்கலாம்.

கொல்வதா, காப்பதா?

பிரேசிலில் நோய் உறுதியான நாய்களைக் கருணைக்கொலை செய்வது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவருகிறது. இதனால் வீட்டாரின் மனம் நொந்தது. சிலர் நாயை ஒளித்து வைத்தனர். கொல்லப்பட்ட நாய்க்குப் பதிலாகப் பலர் புதுக் குட்டியை வாங்கினர். அதையும் அதே ஈ கடித்தது. கொல்வதால் மட்டும் மனிதரிடையே நோய் குறைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டினர்.

2016-இல் நாய்களுக்கான மில்டெஃபோசின் மருந்துக்கு அந்நாடு அனுமதி வழங்கியது. அது ஒட்டுண்ணியைக் குறைக்கும். முற்றாக நீக்கிவிடும் என்று சொல்ல முடியாது. 2021 முதல், டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கழுத்துப்பட்டைகளைச் சுகாதார அமைச்சு நோய் அதிகமுள்ள நகரங்களுக்கு வழங்கிவருகிறது. பட்டை கட்டிய நாயை ஈ நெருங்குவது குறைகிறது. பட்டையை எந்தப் பகுதிக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்ய இத்தகைய கணக்கெடுப்பே கைகொடுக்கிறது.

ஸ்பெயினில் இத்தகைய தேடல் நாயின் மீதிருந்த பழியையே நீக்கியது. மாட்ரிட் அருகேயுள்ள ஃபுயென்லாப்ராடா வட்டாரத்தில் 2009 முதல் 400-க்கும் மேற்பட்டோருக்கு லீஷ்மேனியாசிஸ் கண்டது. வழக்கம்போல் நாய்களைச் சோதித்தனர். அவற்றில் நோய் குறைவாகவே இருந்தது. நோயாளிகளின் வீடுகளோ புதிதாக அமைக்கப்பட்ட ஒரு பெரிய பூங்காவை ஒட்டியே இருந்தன. அங்குள்ள முயல்களைப் பிடித்துச் சோதித்தபோதுதான் அவற்றிடமிருந்து நோய் பரவுவது தெரிந்தது.

தேடிப் பார்க்காமல் இருந்திருந்தால் அங்கும் பழி நாயின் தலையில்தான் விழுந்திருக்கும். இந்த நோய் உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், எங்கே சென்று வந்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நோயைக் கண்டறிய அந்த ஊரின் பெயரே முதல் துப்பாக அமையலாம்.