பாட்டு நம்முடையது, பெயர் யாருடையது?

வெள்ளிக்கிழமை விடிந்தால் புதுப்பாட்டு வரும். சினிமாப் படம் மட்டுமல்ல, பாட்டும் ஆல்பமும் வெள்ளிக்கிழமையில்தான் வெளியாகின்றன. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுவதும் இசை வெளியீட்டுக்கு இந்த நாளே பொதுநாளாக ஆகியிருக்கிறது. செம்மங்குப்பத்தில் கடலூர் - சிதம்பரம் சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவரின் கைப்பேசிக்கும் அன்று காலையே அந்தப் பாட்டுகள் வந்துவிடுகின்றன. அவற்றில் எந்தப் படத்திலும் இடம்பெறாத, நடிகர் யாரும் வாயசைக்காத பாட்டுகளும் உண்டு. சுயாதீன இசை, தனியிசை என்று இவற்றைச் சொல்கிறார்கள். அவற்றில் பறை ஒலிக்கிறது, கானா ஒலிக்கிறது, பாட்டியின் ஒப்பாரியும் ஒலிக்கிறது. நம் தெருவில் பிறந்த ஓசைகள் அவை.

நம் பிள்ளைகளும் இன்று பாட்டு எழுதுகிறார்கள், ராப் சொல்கிறார்கள், கைப்பேசியிலேயே பதிவு செய்கிறார்கள். அவர்களோடு ஒரு விஷயத்தை இந்த வாரம் பேச நினைக்கிறோம். பாட்டு வெளியே போகும்போது அதோடு யார் பெயர் போகிறது? கூலி யார் கைக்கு வருகிறது?

பறையைக் கீழே வைத்த மாவட்டம்

இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் நடத்திய பறை ஒழிப்புப் போராட்டத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போயே ஆக வேண்டும், மறுக்க முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்த காலம் அது. அந்தக் கட்டாயத்தை எதிர்த்துத்தான் அவர் நம் மக்களைத் திரட்டினார். 1924இல் பிறந்தவர், 1952இல் சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைக்குச் சென்றவர். தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் அறிக்கை தந்தவர். சிதம்பரத்தில் இன்று அவருக்கு நினைவு அரங்கம் இருக்கிறது.

அந்தப் போராட்டத்தை இசை மீதான வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் அடிப்பது கலையாகாது, அடிமை வேலை. அன்று பறையைக் கீழே வைத்ததே ஒரு விடுதலை. இன்று பிள்ளைகள் விரும்பி அதே பறையைக் கையில் எடுக்கிறார்கள் என்றால் அதுவும் விடுதலைதான். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. மதுரை மாவட்டத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நாம் கொண்டாடினோம். அந்தப் பறைக்கு மரியாதை வந்ததற்கு, கட்டாயத்தை மறுத்த நம் முன்னோரும் ஒரு காரணம்.

நந்தனார் கதையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையார் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வருகிறார். வயல் வேலையை முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று ஆள்காரரை நிறுத்திவைக்கும் பண்ணையார் அவர். அந்தப் பாட்டு மேடை மேடையாகப் போனது. நம் கதைதான், ஆனால் பாடியவர் வேறொருவர். நம் கதையை நம் குரலே மேடையேறிப் பாட நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழ்ப்பாக்கம் மேடை

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அப்படி ஒரு மேடை அமைந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இசைக்கலைஞர் டென்மாவோடு சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு அன்று முதன்முதலாக மக்கள் முன் பாடியது. பறையும் சட்டியும் கானாவும் ஒரு பக்கம், கிடாரும் டிரம்ஸும் ராப்பும் மறுபக்கம் என எல்லாம் ஒரே மேடையில் சேர்ந்தன. சாதி பேதமற்றவர்கள் என்று நம் மக்களை அடையாளப்படுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து வந்தது அந்தக் குழுவின் பெயர். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, கையால் மலம் அள்ளும் கொடுமை என்று, சினிமாப் பாட்டில் இடம் கிடைக்காத விஷயங்களை அவர்கள் பாடினார்கள். குழுவின் கானா பாடகி இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களின் பாட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்த கானாவில் ஒரு பெண் பெற்ற இடம் அது.

அதே குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, இசையமைப்பாளர் ஓஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' ஆல்பத்தை வெளியிட்டார். படக் கம்பெனியின் தயவு இல்லாமல் ஒரு தலித் இளைஞர் தன் வரிகளைத் தன் குரலில் வெளியிட முடியும் என்பதை நம் ஊர் மாணவர்கள் அதில் கண்டார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியைத் தொடங்கியது. சபாக்களின் மாதமாக இருந்த மார்கழியில் ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடை ஏறின.

வள்ளியம்மாள் பாட்டியின் கதை

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று அந்தப் பாட்டு ஒலிக்காத இடமில்லை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. மூன்று தலைமுறையாகத் தோட்டத்தை வளர்த்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நிலமற்றவரின் அந்த வாழ்க்கைதான் துள்ளலான தாளத்தில் உலகம் சுற்றியது.

பாட்டு பெரிதானதும் பெயர்ப் பிரச்சினை வந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் இதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா சென்னையில் நடந்தபோது, அந்த மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. பாட்டை எழுதி, இசையமைத்துப் பாடியது தான்தான் என்று அவர் அறிக்கை வெளியிட்டார். இது எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது, உரிமையும் எல்லோருக்கும் சமம் என்று மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்றார்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலை அல்ல. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், நம் ஊர்ப் பையன் பதிவேற்றும் பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் நம் கவலை.

உலகத்திலும் இதே கதை உண்டு. தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் பாடகர் சாலமன் லிண்டா 1939இல் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்கா போய் வேறு பெயரில் பெரும் புகழ் பெற்றது, 'லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு, 2006இல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது. பாடியவருக்கும் பங்குக்கும் நடுவில் 67 ஆண்டுகள்.

மாணவர்கள் செய்ய வேண்டியது

பாட்டு எழுதும் பிள்ளைகள் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்த அந்த நொடியே பாட்டு உங்கள் உரிமை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவு சாட்சியாக நிற்கும். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும்.

2012இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டாலும், பின்னால் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அதற்காக 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் அவர்கள் உறுப்பினராகச் சேரலாம்.

பதிவுக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். யார் எழுதியது, யார் மெட்டு, யார் குரல், யார் பறை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். கணக்குச் சரியாக இருந்தால் நட்பும் நிலைக்கும். பறையடித்தவரின் பெயர் விட்டுப்போகக் கூடாது. நாமே அதை விட்டுவிட்டால் பிறரை எப்படிக் கேட்பது?

வருமானம் பற்றி ஆசை காட்ட மாட்டோம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஓராண்டில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு கணக்கில் வரும். யூடியூப்பில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொது விதி. ஆகவே படிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போக வேண்டாம், இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டியின் ஒப்பாரிக்கும் நடவுப் பாட்டுக்கும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாக வந்தவை, தனி ஆசிரியர் இல்லாதவை என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை. நம்மால் முடிந்தது பதிவு செய்து வைப்பது. பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

செம்மங்குப்பம் என்ற பெயரை 2025 ஜூலை 8 அன்று நாடே கேட்டது. ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி, மூன்று மாணவர்களை நாம் பறிகொடுத்த நாள் அது. அந்தத் துயரம் ஆறவில்லை. நம் ஊர்களின் பெயர் துயரச் செய்தியில் மட்டும் வெளியே தெரியும் நிலை மாற வேண்டும். இந்த ஊரில் நாற்று நட்ட கைகள் உண்டு, சிப்காட் புகையைச் சுவாசித்துக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் உண்டு. அவர்கள் பாடிய பாட்டும் உண்டு.

வரும் வெள்ளிக்கிழமை புதுப்பாட்டைக் கேளுங்கள். அதற்கு முன், வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவை அழுத்துங்கள். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேளுங்கள்.