22 டிகிரியா, 26 டிகிரியா? ஸ்கோலியோசிஸ் எக்ஸ்ரேயைப் படிப்பது எப்படி

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுதான் ஸ்கோலியோசிஸ். வளர்ற வயசுப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, காரணம் தெரியாமலே வரும். ரிப்போர்ட்டில் 'காப் கோணம்' என்று ஒரு எண் இருக்கும்; வீட்டில் எல்லார் கண்ணும் அது மேலதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிற என் அக்கா பொண்ணுக்கு 13 வயசு. ஆறு மாசம் முன்னாடி 22 டிகிரி, இப்போ 26. "நாலு டிகிரி ஏறிடுச்சேடா, பெல்ட் போடணுமா?"ன்னு அக்கா போன்ல கேட்டாங்க.

1948-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் சொன்ன முறை இது. வளைவின் இரண்டு முனையிலும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளைத் தேடணும். மேலே உள்ளதின் மேல் விளிம்பில் ஒரு கோடு, கீழே உள்ளதின் கீழ் விளிம்பில் ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் அந்த எண். 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே பேர். ஆனா ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை மாறலாம். படுத்து எடுத்தா வளைவு குறைஞ்சு தெரியும். அக்கா அனுப்பின இரண்டாவது படத்தின் ஓரத்தில் 'எரெக்ட்' (நின்று எடுத்தது) என்று இருந்தது, முதல் படத்தில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டதே தப்பு.

அதுக்காக சும்மா விட்டுடவும் முடியாது. அதே படத்தில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பார்ப்பாங்க. ரிஸ்ஸர் அளவு, 0 முதல் 5 வரை. எண் சின்னதா இருந்தா இன்னும் வளர்ச்சி பாக்கி, வளைவும் ஏறலாம். வளர்ச்சி பாக்கியிருந்து 25 டிகிரி தாண்டினால்தான் பெல்ட் பேச்சு வரும்.

சந்தேகம்னா இன்னொரு படம் எடுத்துட்டா போச்சுன்னு தோணும். அமெரிக்காவில் 1912–1965 காலத்தில் ஸ்கோலியோசிஸ் கண்டறியப்பட்ட 5,573 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-ல் வந்தது. சராசரியா ஆளுக்கு 25 எக்ஸ்ரே. மார்பகப் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட சுமார் 70 சதவீதம் அதிகம். அப்போதைய மெஷின்களின் கதிர்வீச்சு ரொம்ப அதிகம்தான். இப்போ முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்தி எடுக்கச் சொல்றது இதனால்தான். மார்புக்குப் போகும் அளவு பல மடங்கு குறையும். எடுக்கும்போதே கேட்டுக்கலாம்: நின்னு, முதுகுப் பக்கமிருந்து, கழுத்து முதல் இடுப்பு வரை ஒரே படமா. நடுவில் பிள்ளையைக் குனியச் சொல்லிப் பின்னாடி நின்னு பார்த்தாலே, விலாப்பக்கம் ஒன்று மேடாத் தெரியுதான்னு தெரிஞ்சிடும். அதுக்கு எக்ஸ்ரே வேண்டாம்.